தொடாதே மேஸ்திரி வீட்டுச் சிங்க்

என் அக்கா வீட்டுக்காரரை இந்த வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "தொடாதே மேஸ்திரி வீடு எது?" என்று கேட்டால் மளிகைக் கடையில் மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகூட எங்கள் வீட்டைக் கைகாட்டும். இப்படி ஒரு பெயர் தனக்கு இருப்பது தெரியாது என்பதுபோல அவர் நடந்துகொள்வார். தெரியாமல் என்ன, அவர் முகத்துக்கு நேராகவே கூப்பிடுகிறார்கள். மனிதர் எந்த நேரமும் குனிந்து எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டே இருப்பதால் காதில் விழுவதில்லை.

குழாய் வேலைதான் அவர் தொழில். மோட்டார் பார்ப்பார், தண்ணீர்த் தொட்டி பார்ப்பார், அடைப்பு எடுப்பார். ஆனால் பேர் வாங்கியது சமையலறைச் சிங்க் பொருத்துவதில். அதிலும் குறிப்பாக, சிங்க்கின் விளிம்பும் மேடைக் கல்லும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்காமலிருக்கச் சிலிக்கான் பசையால் ஒரு கோடு போடுவார்களே, அந்தக் கோட்டில். மற்ற மேஸ்திரிகள் பசையைச் சுற்றிலும் அப்பிவிட்டு, கட்டை விரலால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். என் மாமா அப்படிப் போகிறவராக இருந்தால் என் அக்கா இத்தனை வருஷம் வயிறு எரிந்திருக்க மாட்டாள்.

முதலில் விளிம்பையும் கல்லையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைப்பார். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரர்கள் ஒரு டீ குடித்து முடித்து அடுத்த டீக்கு ஏங்கும் வரை துடைப்பார். பிறகு கோடு வரப்போகும் இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டேப், அந்தப் பக்கம் ஒரு டேப். பசைக் குழலின் மூக்கைச் சாய்வாக நறுக்கி, துப்பாக்கி போன்ற அந்தக் கருவியில் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பு. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக் கூடாது. சோப்புத் தண்ணீரில் விரலை முக்கி மேலே ஒரு தடவு. பசை இறுகுவதற்குள் டேப்பை உரித்து எடுத்தால், அடிக்கோல் வைத்துப் பென்சிலால் இழுத்தது மாதிரி மெல்லியதாக ஒரு வெள்ளைக் கோடு நிற்கும். அதைப் பார்த்து அவர் சிரிக்கிற சிரிப்பு அவருடைய கல்யாண போட்டோவில்கூடக் கிடையாது. நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

அதோடு வேலை முடிந்தது என்று சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதானே. மாட்டார். அந்த வீட்டுச் சமையலறையிலேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கோடு காய வேண்டுமாம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காப்பார். யார் உள்ளே வந்தாலும், "தொடாதீங்க. ஈரமா இருக்கு, தொடாதீங்க" என்பார். வீட்டுக்காரருக்கே அதே கதிதான். பால் காய்ச்ச வந்த அம்மாவைப் பார்த்து, "அடுப்பு வரைக்கும் வரலாம், இந்தப் பக்கம் வேண்டாம்" என்று கல்லில் கை வைத்து எல்லை காட்டியிருக்கிறார். ஒரு வீட்டில் அவர் தொல்லை தாங்காமல் குடும்பத்தோடு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். வரும்போது அவருக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

"மனுஷன் விரல் இருக்கே சின்னவளே," என்பார் என்னிடம். நான் அக்காவுக்கு இளையவள், அவர்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள் என்பதால் அவருக்கு நான் சின்னவள். "அதுக்குக் கட்டுப்பாடே கெடையாது. ஈரம்னு சொன்னா நம்பாது. போய்த் தொட்டுப் பாத்துட்டுத்தான் 'ஆமா ஈரம்தான்'னு சொல்லும்."

அவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் தகப்பனார் ஒருவர், "நீங்க கவலப்படாதீங்க மேஸ்திரி, எங்க வீட்டுப் பசங்கதான் வாலுங்க, அதுங்கள நான் பாத்துக்கறேன்" என்று வாசலிலேயே தைரியம் சொன்னாராம். சாப்பிட்ட மயக்கத்தில் மாமா கொஞ்சம் கண் அசந்திருக்கிறார். விழித்துப் பார்த்தால் கோட்டின் நட்ட நடுவில் ஒரு விரல் பள்ளம். பசங்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில். தகப்பனார் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மாமா கோட்டை அறுத்து எடுத்துவிட்டு, ஸ்பிரிட் துணியிலிருந்து மறுபடி ஆரம்பித்திருக்கிறார்.

இதற்குப் பிறகுதான் அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். கோடு காய ஒரு நாள் முழுசாக வேண்டும். அதைச் சொன்னால் எந்த வீட்டிலும் பாதி நாள்தான் பொறுப்பார்கள். ஆகவே ரெண்டு நாள் என்று சொல்லிவிடுவார். அவர்கள் வழக்கம்போலப் பாதியில் பொறுமை இழந்து குழாயைத் திறக்கும்போது கோடு கச்சிதமாகக் காய்ந்திருக்கும். இந்தத் தந்திரத்தை வீட்டுக்கு வந்து அக்காவிடமும் என்னிடமும் பெருமை பொங்கச் சொன்னார். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஊரார் வீட்டுக்கெல்லாம் இவ்வளவு செய்கிறவர் வீட்டில் சிங்க் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றும். இல்லை என்பதுதான் பதில். அக்கா வீட்டுச் சமையல் மேடையில் முன்பு ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி இருந்தது. விரிசல் விட்டுக் கீழே ஒழுகியது. "இதை எடுத்துட்டுப் புதுசு போடலாம்" என்று மாமா உற்சாகமாக அதை உடைத்து எடுத்தார். புது எவர்சில்வர் சிங்க்கும் வாங்கி வந்தார். உடைத்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு மூடினார். சிங்க்கைப் பெட்டியோடு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினார். அது நடந்தபோது அக்கா மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இப்போது அவள் வேலைக்குப் போய், வேறு ஊரில் ஒரு வீடு எடுத்து, அந்த வீட்டில் அப்பா கையால் பொருத்திய சிங்க்கில் பாத்திரம் கழுவுகிறாள். அக்கா இன்னும் குளியலறைத் தரையில் குந்தி உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கும்போது வாளியைப் பிடித்துக்கொண்டு, "ஸ்" என்று ஒரு சத்தம் போடுவாள். மாடியில் இருக்கும் எனக்கே அது கேட்கும்.

கேட்டால் சப்பைக்கட்டு கட்டுவார். கல் மட்டம் சரியில்லை என்பார். மழைக் காலத்தில் பசை பிடிக்காது என்பார். வெயில் காலம் வந்தால், இந்த வெக்கையில் பசை சீக்கிரம் இறுகிவிடும், தடவ நேரம் கிடைக்காது என்பார். "நம்ம வீடுதானே, நிதானமா செய்யலாம்" என்பார் கடைசியாக. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்தவர் வீட்டுக் கோட்டைக் காவல் காத்துவிட்டு வந்துவிடலாம். சொந்த வீட்டுக் கோட்டோடு தினமும் குடித்தனம் நடத்த வேண்டும். அதில் மயிரிழை பிசகியிருந்தாலும் காலையில் பல் தேய்த்துவிட்டு வரும்போதெல்லாம் அது அவரைப் பார்க்கும். மனிதருக்குப் பயம். இதை நான் சொன்னபோது, "உனக்கு என்ன தெரியும்" என்று எழுந்து போனார். சரியாகச் சொல்லிவிட்டேன் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அக்கா சமையல்காரி. ஒரு சமையல் காண்டிராக்டரிடம் வருஷக்கணக்காக வேலை செய்தாள். பந்தியில் சாப்பிட்டவர்கள் எல்லாம் கையலம்பிவிட்டு வந்து காண்டிராக்டரின் கையைப் பிடித்துக் குலுக்குவார்கள். அக்கா பின்னால் அண்டாவைச் சுரண்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் அப்படி ஒரு விருந்துக்கு வந்திருந்த பெண்கள் ஹாஸ்டல் வார்டன், சாப்பிட்டு முடித்ததும் நேராகப் பின்பக்கம் வந்து, "இதச் சமைச்சது யாரு?" என்று கேட்டிருக்கிறார். காண்டிராக்டர் நெஞ்சை நிமிர்த்தியிருக்கிறார். வார்டன் அவருடைய கையைப் பார்த்திருக்கிறார், பிறகு அக்காவின் கையைப் பார்த்திருக்கிறார். எந்தக் கையில் சூடு பட்ட தழும்பு இருக்கிறது என்று பார்த்தாராம்.

அந்த வார்டன்தான் போன் செய்தார். ஹாஸ்டலில் இருக்கும் பெண்களுக்கு மதியச் சாப்பாடு வெளியிலிருந்து எடுக்கப் போகிறார்கள். அக்கா தன் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கலாம், அவள் பெயரிலேயே. ஒரே நிபந்தனை, சமையலறையை வார்டன் நேரில் வந்து பார்ப்பார். "பாத்திரம் கழுவுற எடத்தத்தான் நான் முதல்ல பாப்பேன். மத்ததெல்லாம் அப்புறம்" என்றாராம்.

போனை வைத்துவிட்டு அக்கா குளியலறை வாசலில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு மாமாவிடம் வந்து, கத்தாமல், மெதுவாகப் பேசினாள். அவள் கத்தினால் அவர் பயப்பட மாட்டார்.

"என்னங்க, இது வரைக்கும் நான் ஒங்களக் கேட்டதெல்லாம் வேற. இது என் பேருல வர்ற வேல. கழுவுற எடத்தக் காட்டுன்னு அந்தம்மா கேட்டா, நான் குளிக்கிற எடத்தக் காட்ட முடியாது. நீங்க போடலன்னா நான் வேற மேஸ்திரியக் கூப்புடுவேன்."

வேற மேஸ்திரி என்ற வார்த்தைதான் வேலை செய்தது. அந்த அப்புகிற கூட்டத்தில் ஒருவன் தன் வீட்டு வாசலில் பசைத் துப்பாக்கியோடு வந்து நிற்பதை மாமா மனக்கண்ணில் பார்த்திருக்க வேண்டும். மறுநாளே கல் வெட்டும் மெஷின் ஓட ஆரம்பித்தது. வீடு முழுக்கத் தூசி. மாடியில் என் தலையணை உறையை உதறினால் கல்மாவு கொட்டியது. வெட்டின ஓட்டையில் சிங்க்கை இறக்குவதும் தூக்குவதும், மட்டப்பலகை வைத்துப் பார்ப்பதும், மறுபடி தூக்குவதுமாக இருந்தார். கீழிருந்து கவ்விகளை முடுக்கினார். கழிவுக் குழாயை மாட்டி, அதன் அடியில் செய்தித்தாளை விரித்து, மேலிருந்து ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, ஒரு சொட்டு விழுந்திருக்கிறதா என்று தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தார். தாள் நனையவில்லை. துடைத்துக் காயவிட்டு, சாயங்காலம் டேப் ஒட்டினார்.

நானும் அக்காவும் வாசல்படியில் நின்று பார்த்தோம். உள்ளே வர அனுமதி இல்லை. நியாயமாகச் சொல்கிறேன், நான் அவரை ஆயிரம் கேலி செய்வேன், ஆனால் அன்றைக்கு அவர் இழுத்த கோடு மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. டேப்பை உரித்ததும் அவர் சிரிக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்பிரிட் நெடி என்றார்.

பிறகு குழாயின் திருகுபிடியைக் கழற்றித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எப்ப தண்ணி விடலாம்?" என்றாள் அக்கா.

"நாளைக்குச் சாயங்காலம்," என்றார் மாமா.

அக்கா தலையாட்டினாள். முன்கட்டுக்குப் போய் வார்டனுக்குப் போன் போட்டாள். "நாளைக்குக் காலையிலயே வரலாம் மேடம்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கும் அதில் ஒரு தவறும் தோன்றவில்லை. இவர் சொல்கிற கணக்கில் பாதிதான் உண்மை என்று இவரே சொல்லியிருக்கிறாரே. சாயங்காலம் என்றால் காலை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை.

காலையில் அக்கா குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, கழுவிக் காட்டுவதற்காகப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மாமா அங்கேயே சிங்க்குக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தார்.

"எழுந்திரிங்க. பிடியக் குடுங்க. வார்டனம்மா வர்ற நேரம்."

"எதுக்கு இப்ப வர்றாங்க? சாயங்காலம்னுதானே சொன்னேன்."

"நீங்க சாயங்காலம்னு சொன்னா காலையிலன்னுதானே கணக்கு."

மாமா எழுந்து உட்கார்ந்தார். தூக்கக் கலக்கத்தில் இருந்த முகம் மெதுவாக மாறியது.

"அது ஊராருக்குச் சொல்ற கணக்கு," என்றார். "ஒங்கிட்ட போய் எதுக்குக் கூட்டிச் சொல்றதுன்னு உள்ளதச் சொன்னேன். முழுசா ஒரு நாள் ஆகும். மேல தோல் கட்டியிருக்கு, உள்ள இன்னும் பச்சையா இருக்கு."

அக்கா பாத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் மனிதர் கூட்டாமல் குறைக்காமல் ஒரு கணக்குச் சொன்னது அன்றைக்குத்தான். அன்றைக்குத்தானா சொல்ல வேண்டும்?

வார்டனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. கிளம்பிவிட்டிருக்க வேண்டும். பிற்பகலில் இன்னொரு சமையல்காரம்மா வீட்டைப் பார்த்துவிட்டு இன்றைக்கே முடிவு சொல்லிவிடுவேன் என்று வார்டன் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"ஒண்ணும் கெட்டுப் போகல," என்றேன் நான். "தெருவுல தண்ணி வரல, தொட்டி காலின்னு சொல்லிடலாம். அவங்க சிங்க்கப் பாத்துட்டுப் போகட்டும். நான் பேசிக்கறேன்."

அக்காவுக்குப் பொய் பிடிக்காது. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. ஒன்றும் சொல்லாமல் நின்றாள். சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வார்டன் வந்தார். ஒல்லியாக, உயரமாக, கைக்குட்டையைக் கையிலேயே வைத்திருக்கிற மாதிரி ஒரு அம்மா. உட்காரக்கூட இல்லை. நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். மசாலா டப்பாக்களின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சிங்க்கைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

"புதுசா?"

"புதுசுதான் மேடம்," என்று நான் முந்திக்கொண்டேன். "ஆனா பாருங்க, ரெண்டு நாளா தெருவுக்கே தண்ணி வரல. தொட்டியில பொட்டுத் தண்ணி இல்ல. இல்லன்னா தெறந்தே காட்டியிருப்போம்."

நான் வாயை மூடவில்லை, ஜன்னலுக்கு வெளியே சோவென்று தண்ணீர் கொட்டியது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. காலையில் எழுந்ததும் மோட்டார் போட்டவள் நான்தான். நிறுத்த மறந்தவளும் நான்தான். வார்டன் ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மோட்டாரை நிறுத்துவதற்காக மாடிக்கு ஓடினேன். அவமானம் பிடரியைப் பிடித்துத் தள்ளியதால் ஒரே மூச்சில் ஏறிவிட்டேன்.

திரும்பி வரும்போது வார்டன் கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டுப் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார்.

"தண்ணிதான் இருக்கே. கொழாயத் தெறங்க. நான் கைய அலம்பிட்டு, ஒரு பாத்திரம் கழுவிப் பாக்கறேன். தண்ணி தேங்குதா, ஓடுதான்னு தெரியணும்."

அக்கா அவருக்கும் சிங்க்குக்கும் நடுவில் வந்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம். தங்கச்சி சொன்னது பொய். இது நேத்துச் சாயங்காலம்தான் ஒட்டுனது. எங்க வீட்டுக்காரர்தான் ஒட்டுனாரு. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் இது மேல தண்ணி படக்கூடாது. கை படக்கூடாது."

"சாயங்காலம் என்னால வர முடியாதும்மா. தண்ணி விடாம நான் என்னன்னு எழுதிட்டுப் போறது?"

"தெரியுது மேடம். நீங்க அந்த இன்னொரு அம்மாவப் பாத்துக்கங்க. இவரு ரொம்ப நாளா போடாம வச்சிருந்து போட்டது. இத நான் கெடுக்க மாட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். உண்மையாகவே அடித்துக்கொண்டேன், சத்தம் கேட்டது. இந்தச் சிங்க்குக்காக இத்தனை காலம் இந்த மனிதரைக் கரித்துக்கொட்டியவள் இவள். இப்போது வீடு தேடி வந்த வேலையை வாசலோடு திருப்பி அனுப்புகிறாள்.

அதே நேரத்தில் மாமா சட்டைப் பையிலிருந்து திருகுபிடியை எடுத்தார். அக்காவைத் தோளைத் தொட்டு ஓரமாக நகர்த்தினார். பிடியை மாட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்.

"கழுவுங்கம்மா," என்றார்.

தண்ணீர் விழுந்தது. அவர் குரலும் சேர்ந்து விழுந்த மாதிரி இருந்தது. தெறிக்கிற துளிகள் விளிம்புக்குப் போகாமல் இரண்டு கையையும் குவித்துத் தண்ணீருக்கு அணை கட்டி நின்றார். பல் பிடுங்கிக்கொள்கிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம்.

"என்ன பண்றீங்க," என்று அக்கா குழாயை மூடினாள். "பச்சையா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"இருந்தா இருக்கட்டும். ஒன் வேல போயிரும்." திறந்தார்.

"போனாப் போவுது. மூடுங்க." மூடினாள்.

"கோடு போனா இன்னொரு கோடு போட்டுக்கலாம்." திறந்தார்.

"எப்ப? இவ பேத்தி எடுத்தப்புறமா?" என்று என்னைக் காட்டிக் கேட்டுவிட்டு மூடினாள். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இவர்கள் சண்டை போட்டு நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கமாக அவள் சிங்க்குக்காகவும் அவர் கோட்டுக்காகவும் சண்டை போடுவார்கள். அன்றைக்கு அவள் கோட்டுக்காகச் சண்டை போட்டாள், அவர் அவளுக்காகச் சண்டை போட்டார். வார்டன் இருப்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

அந்த அம்மா அதற்குள் குனிந்து விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்குத்தானா இவ்வளவு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு மனித விரல் எதைச் செய்யுமோ அதைச் செய்தார். கட்டை விரலைக் கோட்டின் மேல் வைத்து அமுக்கினார்.

"ஆமா, ஈரமாத்தான் இருக்கு," என்றார்.

குழாய்ச் சண்டை நின்றது. கோட்டில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கட்டை விரல் ரேகைகூடத் தெரிந்தது. மாமாவுக்குப் பேச்சு வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

பேச்சு அக்காவுக்கு வந்தது.

"என்ன மேடம் நீங்க. படிச்சுப் படிச்சுச் சொல்றேன், கை படக்கூடாதுன்னு. சின்னப் புள்ளையா நீங்க? ராத்திரியெல்லாம் மனுஷன் இதுக்குக் கீழ படுத்துக் கெடந்தாரு. வந்து நின்ன காலோட விரல வச்சு அமுக்கினா என்ன அர்த்தம்? ஒங்க ஹாஸ்டல்ல யாராவது இப்படிச் செஞ்சா நீங்க சும்மா விடுவீங்களா?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போய் மேடையைப் பிடித்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

வார்டன் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பசை ஒட்டியிருந்தது. மாமா அந்த நிலைமையிலும் ஸ்பிரிட் துணியை எடுத்து நீட்டினார். வார்டன் விரல் விரலாக நிதானமாகத் துடைத்தார்.

"போன மாசம் சாப்பாட்டுல முடி கெடந்துதுன்னு ஒரு பொண்ணு தட்டத் தூக்கிட்டு வந்தா," என்றார். "எங்க சமையல்காரரு, 'எடுத்துப் போட்டுட்டுச் சாப்புடும்மா, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா'ன்னாரு. அவரத்தான் நிறுத்திட்டேன். நீங்க ஒரு கோட்டுக்கு என்னையே திட்டறீங்க." துணியை மடித்து மேடையில் வைத்தார். "திங்கக்கிழமையிலேருந்து சமைக்க முடியுமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தக் கேள்வி தன்னிடம் கேட்கப்பட்டதுதானா என்று பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். பேசினால் அழுதுவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

"இன்னொரு அம்மா வீட்டுக்குப் போகலியா மேடம்?" என்று நான் கேட்டேன்.

"அவங்க வீட்டுல தண்ணி வருதோ என்னவோ," என்றார் வார்டன், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். அந்த அம்மாவை எனக்கு அந்த நொடியிலிருந்து பிடித்துப்போனது.

வார்டன் கிளம்பிப் போனார். அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமாவிடம் சொன்னாள்.

"திங்கக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்குங்க. அத அறுத்துட்டு மறுபடி ஒட்டிடுங்க. நான் பொறுத்துக்கறேன். அந்தப் பள்ளத்த வச்சுக்கிட்டு ஒங்களுக்குச் சோறு இறங்காது."

மாமா பையைத் திறந்து கத்தியை எடுத்தார். சிங்க்கின் முன்னால் போய்க் குனிந்தார். அந்தப் பள்ளத்தை அப்படியும் இப்படியும் பார்த்தார். கத்தி முனையைக் கோட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். மற்றவர் வீடுகளில் இந்த இடத்தில் அவர் யோசித்ததே கிடையாது. அறுத்துப் போட்டுவிட்டு ஸ்பிரிட் துணியைக் கேட்பார்.

கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார்.

"ஏன், என்னாச்சு?" என்றாள் அக்கா.

"மறுபடி ஒட்டுனா மறுபடி ஒரு நாள் காயணும்," என்றார் மாமா. "இன்னும் ஒரு நாள் நீ அங்க குந்தி ஒக்காந்து கழுவணும்."

அக்கா குளியலறைக்குப் போய், அங்கே குவிந்திருந்த முந்தின நாள் பாத்திரங்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மேடை ஓரத்தில் அடுக்கினாள். குழாயைத் திறக்கவில்லை. சாயங்காலம் வரை காத்திருந்தாள். சொன்ன நேரத்தில் பாதி அல்ல, முழு நேரமும். மாமாவே வந்து, "இப்ப விடலாம்" என்று சொன்ன பிறகுதான் திறந்தாள். ஒவ்வொரு பாத்திரமாக, அவசரம் இல்லாமல், முதுகை நிமிர்த்தி நின்றுகொண்டே கழுவினாள். மாமா பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை முன்னாலேயே செய்திருக்கக் கூடாதா என்று அதற்கும் சேர்த்து மாமாவை நன்றாகத் திட்டிவிட்டு மாடிக்குப் போனேன்.